பாடி கட்டாத வண்டியும் திரும்பி வரும் வழியும்

தேசிய நெடுஞ்சாலைகளில் பயணம் செய்பவர்கள், கதவும் கூரையும் பின்புறப் பெட்டியும் இல்லாமல், இரும்புச் சட்டமும் எஞ்சினும் சக்கரங்களும் மட்டுமாக வரிசையாக ஓடும் புதிய லாரிகளை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அவற்றின் முன்புறம் தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு அமர்ந்திருப்பவரை எங்கள் பக்கத்தில் சேஸிஸ் டிரைவர் என்பார்கள். தொழிற்சாலையில் இருந்து வெளிவரும் வண்டியை, அது விற்பனையாகும் ஊரின் டீலரிடமோ பாடி கட்டும் பட்டறையிலோ ஓட்டிச் சென்று ஒப்படைப்பது எங்கள் வேலை. ஒப்படைத்த நிமிடத்தில் இருந்து எங்களுக்கு வண்டி கிடையாது; மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்திலோ ரயிலிலோ வீடு திரும்ப வேண்டும். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த நான், உழைக்கும் வயதின் பெரும்பகுதியை இந்த வேலையிலேயே கழித்திருக்கிறேன். இதில் சேர நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான். போகும் வழியை மட்டும் கணக்கிட்டுச் சொல்லப்படும் எந்தத் தொகையும் அவர்களுக்கு உதவாது என்பதால், இரண்டு வழிகளையும் பற்றி நான் அறிந்ததை எழுதுகிறேன்.

வண்டி ஏன் வெறும் சட்டமாக வெளியே வருகிறது என்பதில் இருந்து தொடங்குவது நல்லது. நம் நாட்டில் லாரி வாங்குபவர் தன் சரக்குக்கும் தன் ஊர்ச் சாலைக்கும் ஏற்ற பாடியைத் தானே கட்டிக்கொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒருவருக்கு முட்டையோ நெல்லோ ஏற்றும் திறந்த பாடி வேண்டும். இன்னொருவருக்கு டேங்கர் வேண்டும். திருச்செங்கோட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கைத் தாங்கும் சட்டம் வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்களில் லாரிப் பட்டறைகளும், கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டும் நிறுவனங்களும் வளர்ந்ததற்கு இதுவே அடிப்படை. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் ஆலையும், பின்னர் ஓசூரில் அது நிறுவிய ஆலைகளும், 2012-இல் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கிய பாரத்பென்ஸ் ஆலையும் தமிழ்நாட்டு சேஸிஸ் ஓட்டுநர்களுக்குச் சோறு போடும் இடங்கள். வடக்கே ஜாம்ஷெட்பூர், புனே, லக்னோ, பிதாம்பூர் ஆகிய ஊர்களிலும் இதே வேலையைச் செய்பவர்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். ஓசூரில் இருந்து நாமக்கல் என்றால் ஒரு பகலில் முடிந்துவிடும். குவாஹாட்டி என்றால் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இந்த வேலையில் மிகுந்த கவனம் தேவைப்படும் நேரம் வண்டி நகர்வதற்கு முந்தைய நேரம் என்பது என் உறுதியான கருத்து. புது வண்டிகள் நிற்கும் யார்டில் சாவியை வாங்கியதும் பலர் எஞ்சினை இயக்கிக் கிளம்பிவிடுகிறார்கள். நான் முதலில் சட்டத்தில் பொறித்திருக்கும் 17 இலக்க சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, கையில் உள்ள தாள்களோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுவேன். எஞ்சின் எண்ணையும் அவ்வாறே பார்ப்பேன். ஒரே மாதிரியான வண்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும் இடத்தில் சாவி மாறுவது எளிது. மாறிய வண்டி மூன்று மாநிலம் தாண்டிய பிறகு தெரியவந்தால், அதைச் சரிசெய்யும் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து டயர்களைக் குனிந்து உட்புறச் சுவர் வரை பார்க்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், டூல் கிட், பேட்டரிகள், கண்ணாடிகள், விளக்குகள் ஆகிய அனைத்தையும் பட்டியலோடு சரிபார்த்து, குறையோ கீறலோ இருந்தால் யார்டு ஊழியர் முன்னிலையில் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும், கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது இப்போது எல்லோருக்கும் கைவந்த பழக்கமாகிவிட்டது. புறப்படும்போது குறிக்கப்படாத கீறல், சேருமிடத்தில் ஓட்டுநரின் கீறலாகவே கருதப்படும்.

தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலைப்பட்டியல் நகல், தற்காலிகப் பதிவுச் சான்று அல்லது டீலரின் வணிகச் சான்று, காப்பீடு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22, சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் ஆகியவை இருக்கின்றனவா என்றும், அவற்றில் உள்ள தேதிகள் நாம் சேரும் நாள் வரை செல்லுபடியாகுமா என்றும் பார்க்க வேண்டும். இ-வே பில்லுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கால வரம்பு உண்டு. வழியில் வண்டி பழுதாகி நின்றால், அந்த வரம்பு முடிவதற்குள் நம்மை அனுப்பிய ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்குத் தெரிவித்து நீட்டிக்கச் சொல்ல வேண்டும். ஃபாஸ்டாக் கணக்கில் பணம் இருப்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் முதல் சுங்கச்சாவடியிலேயே கூடுதல் கட்டணத்தை நம் கைக்காசில் கொடுக்க நேரும். எல்லாத் தாள்களையும் நீர் புகாத பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது என் வழக்கம், ஏனென்றால் நாங்கள் ஓட்டும் வண்டியில் பல நேரம் தாள் வைக்க ஒரு பெட்டிகூட இருப்பதில்லை.

லோடு லாரி ஓட்டிப் பழகியவர்கள் சேஸிஸில் ஏறும்போது அவர்களுடைய அனுபவமே அவர்களுக்கு எதிராகத் திரும்பும். எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த ஓமலூர்க்காரர் முதல் நாளே, "தம்பி, லோடு வண்டியில நிக்குமான்னு பயப்படணும், காலி சேஸிஸ்ல நேரா நிக்குமான்னு பயப்படணும்" என்றார். லாரியின் பிரேக், வண்டியோடு பல டன் சரக்கையும் சேர்த்து நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டது. பாடியும் சரக்கும் இல்லாத சேஸிஸில் எடையின் பெரும்பங்கு எஞ்சின் இருக்கும் முன்னச்சில் விழுகிறது. பின்னச்சு ஏறக்குறைய எடையற்று ஓடுகிறது. ஆகவே பெடலை அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் சாலையைப் பற்றுவதற்குமுன் பூட்டிக்கொண்டு வழுக்குகின்றன. பின்பகுதி பக்கவாட்டில் சுழன்று முன்பகுதியை முந்தப் பார்க்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வந்தபின் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது என்றாலும் ஒழிந்துவிடவில்லை. புது டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழவழப்பாக இருக்கும் என்பதையும், கோடையின் முதல் மழை சாலையில் படிந்த எண்ணெயை மேலே கொண்டுவரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் கண்ட வழி, பிரேக்கை நம்பி ஓட்டாமல் இடைவெளியை நம்பி ஓட்டுவது. முன்னால் செல்லும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு பேருந்தும் ஒரு லாரியும் தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விடுவேன். கார்கள் அந்த இடத்தில் நுழைந்தால் மீண்டும் பின்வாங்கி இடம் விடுவேன். வேகத்தைக் குறைக்க முதலில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, புகை வெளியேறுவதை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தி, கியரை இறக்கி, கடைசியாகவே கால் பிரேக்கைச் சிறிது சிறிதாக மிதிக்க வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கி.மீ. வரை அனுமதித்தாலும், புது எஞ்சினுக்கும் காலி அச்சுக்கும் 50 முதல் 60 கி.மீ. வேகம் போதுமானது. பாரமில்லாத பட்டை ஸ்பிரிங்குகள் சிறிதும் வளைந்து கொடுக்காததால், சிறு பள்ளத்தில்கூட வண்டி எகிறும். அந்த எகிறலில் ஸ்டியரிங் கை நழுவிப் போகும். வேகத்தடை எழுப்பியிருக்கும் ஊர்களில் நடக்கும் வேகத்துக்குக் குறைத்தே ஏறி இறங்க வேண்டும். ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் அது நல்லது.

தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரியில் இருந்து சேலம் நோக்கி வரும் வழியில் அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகள் எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தவை. ஓசூரில் இருந்து நாமக்கல்லுக்கும் கரூருக்கும் போகும் ஒவ்வொரு சேஸிஸும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. டீசலை மிச்சப்படுத்த நினைத்துச் சிலர் அங்கே நியூட்ரலில் விடுகிறார்கள். நியூட்ரலில் இறங்கும் வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. முழுச் சுமையும் பிரேக்கில் விழுந்து டிரம் சூடாகிப் பிடிப்பு குறையும். எஞ்சினையே அணைத்துவிட்டாலோ பவர் ஸ்டியரிங்கும் போய், பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்பிரஸரும் நின்றுவிடும். ஏறும்போது எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதை நான் இன்றுவரை மீறியதில்லை. அந்த இறக்கத்தில் மிச்சமாகும் டீசல் ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குக்கூட ஈடாகாது.

வண்டி புதிது என்பதால் அதில் கோளாறு வராது என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த வண்டியின் முதல் நீண்ட ஓட்டமே நம் கையில்தான் நடக்கிறது. கிளம்பி நூறு கி.மீ. ஓடுவதற்குள் ஓர் இடத்தில் நிறுத்தி, வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டு, நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெயோ குளிர்விக்கும் நீரோ கசிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து பார்க்க வேண்டும். காலையில் பிரேக்கின் காற்றழுத்த முள் உரிய இடத்துக்கு ஏறும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின், புகையின் நச்சைக் குறைக்கும் யூரியாக் கரைசலின் அளவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அது தீர்ந்தால் எஞ்சின் இழுக்காமல் திணறும், அதை டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டாலோ செலவு பெரிது. பங்க்கில் பையன்கள் ஊற்றும்போது நாமே அருகில் நின்று எந்த மூடி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேபின் இல்லாத வண்டியை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று அதைச் செய்யாதவர்களுக்கு விளக்குவது கடினம். முன்புற முகப்பும் ஸ்டியரிங்கும் மீட்டர்களும் இருக்கும், காற்றைத் தடுக்கும் முன்பக்கக் கண்ணாடி இருக்காது. ஓட்டுநர் அமர்வதற்கு ஒரு தற்காலிக இருக்கை. நான் சேர்ந்த காலத்தில் பல வண்டிகளில் பலகையோ மரப்பெட்டியோதான். அனந்தப்பூர் முதல் கர்நூல் வரை வைகாசி வெயிலில் அடிக்கும் காற்று, மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் முகத்தில் மோதும்போது தோலை உரித்துவிடும். மாலை மங்கியதும் விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் கல்லெறிவதைப்போல் கன்னத்தில் விழும். மழையில் துளி ஒவ்வொன்றும் குத்தும். முன்னால் போகும் லாரியின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு முழுவதும் நம்மேல்தான். ஆகவே முகம் முழுதும் மூடும் தலைக்கவசத்தை வாங்குவதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பகலுக்கு ஒன்றும் இரவுக்கு நிறமற்ற ஒன்றுமாக இரண்டு முன்கண்ணாடிகள், முழுக்கைச் சட்டை, மழைக்கோட்டு, தடித்த பருத்தித் துண்டு இரண்டு, பழைய ஸ்வெட்டர், கையுறை ஆகியவை என் மூட்டையில் எந்தப் பருவத்திலும் இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாமல் பல ஆண்டுகள் ஓட்டிய மூத்தவர்கள் பலருக்கு இன்று சத்தமாகப் பேசினால்தான் கேட்கிறது.

அரசு விதிகள் மாறியதால் இந்த நிலை மாறி வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. லாரிகளில் பெரும்பாலானவை இப்போது ஆலையிலேயே கேபின் பொருத்தப்பட்டு வருகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதன வசதியும் கட்டாயமாகிவிட்டது. ஆனால் கரூருக்கும் மற்ற ஊர்களுக்கும் செல்லும் பேருந்து சேஸிஸ்களை இன்னும் திறந்த நிலையில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் ஏதாவது ஒரு மறைப்பு கிடைக்க வேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் விருப்பம்.

சாலையில் மற்றவர்கள் நம் வண்டியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியமானது. வெறும் சேஸிஸின் பின்புறம் இரண்டு இரும்புத் துண்டுகளும் சிறு விளக்குகளும்தான். இரவில் பின்னால் வருபவருக்கு அது ஒரு லாரி என்பதே தெரியாது. கேபினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள திறந்த இடம் இருசக்கர வாகனக்காரர்களைப் பக்கத்தில் நெருங்கி வரச் செய்யும்; திருப்பத்தில் பின்சக்கரம் உள்வாங்கும்போது அவர்கள் அந்த இடைவெளியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒளிரும் ஒட்டுப்பட்டையை என் காசில் வாங்கிச் சட்டத்தின் பின்முனையிலும் பக்கங்களிலும் ஒட்டிக்கொள்வதும், பகலில் பின்முனையில் சிவப்புத் துணி கட்டுவதும், ஊருக்குள் இடது பக்கம் திரும்புவதற்கு முன் கண்ணாடியை மட்டும் நம்பாமல் தலையைத் திருப்பிப் பார்ப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. மட்கார்டு இல்லாத சக்கரங்கள் சரளைக் கற்களைப் பின்னால் வீசும் என்பதால், சாலை வேலை நடக்கும் இடங்களில் வேகத்தை மேலும் குறைப்பது பின்னால் வருபவருக்குச் செய்யும் மரியாதை.

நீண்ட தூரம் செல்லும்போது நான்கைந்து வண்டிகள் சேர்ந்து போவது நல்லது. இதில் வழி தெரிந்தவர் முன்னால் போவது இயல்பு. ஆனால் புதிதாகச் சேர்ந்தவரை அவருக்கு அடுத்த இடத்தில் விட வேண்டும் என்பதைப் பலர் கடைப்பிடிப்பதில்லை. புதியவரைக் கடைசியில் விட்டால், பிரிந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் சிக்னலையும் மீறித் துரத்திக்கொண்டு வருவார். எங்கள் குழுவில், "அண்ணே, கண் எரியுது" என்று யாராவது ஒருவர் சொன்னால் எல்லோரும் நிறுத்திவிடுவோம். அவரை மட்டும் தூங்கவிட்டு மற்றவர்கள் போவதில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும், ஐந்து மணி நேரத்துக்குமேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. ட்ரிப் கணக்கில் கூலி வாங்குபவர்களிடம் அந்த வரம்பைக் கேட்டுக் காப்பாற்ற யாரும் வருவதில்லை என்பதால் நாமேதான் அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் நான் ஓட்டுவதே இல்லை.

எங்கே தூங்குவது என்பது எங்கே திருடு போகும் என்பதோடு சேர்ந்த கேள்வி. கதவில்லாத வண்டியில் பேட்டரியும் ஸ்டெப்னியும் டீசல் தொட்டியும் வெளியே தெரிகின்றன. புதிய பொருள் என்பதால் கண் வைப்பவர்களும் உண்டு. ஆளில்லாத ஓரங்களில் நிறுத்துவதைவிட வெளிச்சம் உள்ள பங்க்கிலோ, லாரிகள் கூட்டமாக நிற்கும் தாபாவிலோ நிறுத்துவது மேல். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை அணைத்து, டீசல் தொட்டியின் பக்கம் அடுத்த வண்டியை ஒட்டி நிறுத்துவோம். இருவர் விழித்திருக்க மற்றவர்கள் தூங்குவோம். வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். விடியற்காலையில் அவசரமாக எழுந்து வண்டியை எடுக்கும் கூட்டாளிக்கு அடியில் ஆள் படுத்திருப்பது தெரியாது. தாபாவில் சாப்பிட்டால் கயிற்றுக் கட்டில் இலவசமாகவே கிடைக்கும்.

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஓசூரில் இருந்து பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத், அடிலாபாத் வழியாக நாக்பூர் வரை ஆயிரம் கி.மீ.க்கு மேல் வருகிறது. அடிலாபாத் வரை சோறு கிடைக்கும். அதற்குப் பிறகு ரொட்டிக்குப் பழகிக்கொள்ள வேண்டும். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவில் பென்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் பகுதியில், விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்காகச் சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வண்டியை நிறுத்துவதும் ஹாரன் அடிப்பதும் கூடாது. மார்கழி, தை மாதங்களில் குவாலியருக்கு வடக்கே மூடுபனி வெள்ளைச் சுவராக நிற்கும். திறந்த வண்டியில் அந்தப் பனி உடுப்பை நனைத்து எலும்புவரை இறங்கும். அந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்குமுன் கிளம்புவதில் எந்தப் பயனும் இல்லை. கிழக்கே 16-ஆம் எண் சாலை கொல்கத்தா வரை நல்ல சாலை. அங்கிருந்து சிலிகுரி நோக்கிச் செல்லும் வழியில் ஃபராக்கா அணைப் பாலத்தில் காத்திருக்க நேரும் என்பதை முன்கூட்டியே நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தி பேசத் தெரியாமல் நான் முதலில் வடக்கே போனபோது, எண்களையும் பழுதுக்கான சொற்களையும் வழி கேட்கும் சொற்களையும் ஒரு சிறு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டு வரைபடத்தைவிட அதிகமாக உதவியது.

போகும் வழியில் மனத்தை அசைக்கும் ஒன்று, வழியில் கைகாட்டும் ஆட்கள். கேபின் வண்டி என்றால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நூறு, இருநூறு வாங்கலாம் என்று தோன்றும். விற்பனையாகாத வண்டியில், சரக்கு வண்டிக்கான காப்பீட்டில், அந்த ஆட்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. விபத்து நடந்தால் ஓட்டுநரின் உரிமமும் வாழ்நாள் சேமிப்பும் ஒன்றாகப் போகும்.

சேருமிடத்தை அடைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக உடல் நினைக்கும். டீலரின் யார்டில் உள்ளவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ரசீதில் நாளும் நேரமும் மீட்டர் எண்ணும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும்வரை அந்த வண்டி நம் பொறுப்பு. காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையோ உள்ளூர்த் திருவிழாவோ இருந்தால் ஒரு நாள் வீணாகும் என்பதால், இரண்டு நாளுக்கு முன்பே அந்த டீலருக்குத் தொலைபேசியில் பேசி நேரத்தைக் கேட்டுக்கொள்வேன். முத்திரையிட்ட ரசீதைக் கொடுத்தால்தான் ஒப்பந்ததாரர் மீதிக் கூலியைத் தருவார். அதனால் வாங்கிய உடனே அதைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுவேன்.

இனித் திரும்பும் வழி. கொல்கத்தா பக்கத்தில் இருந்து கோரமண்டல், புது டெல்லியில் இருந்து கிராண்ட் டிரங்க், அசாமில் இருந்து விவேக் எக்ஸ்பிரஸ் என்று சேஸிஸ் ஓட்டுநர்களுக்கு ரயில்களின் பெயர் மனப்பாடம். திப்ருகரில் இருந்து கன்னியாகுமரி வரை 4,000 கி.மீ.க்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ், காட்பாடி, சேலம் வழியாகவே வருவதால் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வசதி. ஆனால் ஒப்படைக்கும் நாள் உறுதியாகத் தெரியாததால் முன்பதிவு செய்ய முடிவதில்லை. பொதுப்பெட்டியில் கழிப்பறைக் கதவோரம் மூட்டைமேல் அமர்ந்து ஏறக்குறைய மூன்று நாள் வந்தவர்கள் எங்களில் ஏராளம். கூலியில் பாதி அங்கே கரைகிறது என்பதைப் புதியவர்கள் உணர்வதில்லை. டிக்கெட், மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர், வந்து சேர்ந்தபின் உடல் தேற எடுக்கும் ஓய்வு நாள் ஆகிய அனைத்தும் அந்த ட்ரிப்பின் செலவுதான். நான் ஒரு ட்ரிப்பை ஏற்கும்முன், வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளில் இருந்து மீண்டும் வேலைக்குத் தயாராகும் நாள் வரை எண்ணி, மொத்தக் கூலியில் இருவழிச் செலவையும் கழித்து, அந்த நாட்களால் வகுப்பேன். அப்படி வகுத்துப் பார்த்தால் நீண்ட ட்ரிப்பைவிட ஓசூர், நாமக்கல், கரூர், கொச்சி என்று சுற்றும் குறுகிய ட்ரிப்புகளில் கையில் அதிகம் நிற்பது பல நேரங்களில் தெரியும். இளைஞர்கள் தூரத்தைப் பார்த்து மயங்குகிறார்கள்.

டீசல் கணக்கும் இதைச் சேர்ந்ததே. பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு இத்தனை கி.மீ. என்று கணக்கிட்டு டீசல் பணம் தரப்படுகிறது. மிச்சம் ஓட்டுநருக்கு, குறைந்தாலும் ஓட்டுநருக்கு. சுற்றுவழியில் திருப்பிவிடப்படும் சாலையும், மணிக்கணக்கில் நிற்கும் நெரிசலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஓர் ஒப்பந்ததாரரிடம் வேலை செய்தபோது, பாலம் உடைந்து சுற்றி வந்த தூரத்துக்கான டீசலைக் கேட்டதற்கு, முன்கூட்டியே சொல்லவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அது முதல், வழி மாறும் இடத்தில் நின்றே படமும் செய்தியும் அனுப்பி, அலுவலகத்தில் இருந்து பதில் வந்த பிறகுதான் வண்டியைத் திருப்புகிறேன். அபராதம் கட்டினாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை.

ட்ரிப் கூலி வாங்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு வைப்பு நிதியோ மருத்துவக் காப்பீடோ இல்லை. நாற்பதைத் தாண்டியதும் இடுப்பும் கழுத்தும் கண்ணும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்கும். அகலமான இடுப்புப் பட்டையும், இருக்கையில் போட மடித்த கம்பளியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும் எனக்கு உதவியிருக்கின்றன. சிறுநீரை அடக்கிக்கொண்டு ஓட்டுவதையும், அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் கட்டாயம் விட வேண்டும். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான நல வாரியம் இருக்கிறது. உரிமத்தையும் ஆதாரையும் வைத்து அதில் பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யாமல் எந்த ஓட்டுநரும் முதல் சாவியை வாங்கக் கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன்.

புதிதாக வருபவர்கள் ஒப்பந்ததாரரிடம் சேரும்முன் ஐந்தாறு விஷயங்களை வெளிப்படையாகக் கேட்டு, முடிந்தால் கைப்பேசிச் செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும் கட்டணம் கூலியில் அடங்கியதா தனியா, டீலர் வண்டியை வாங்கத் தாமதித்தால் காத்திருக்கும் நாளுக்குப் படி உண்டா, டயர் வெடித்தால் யார் பொறுப்பு, ரசீது கொடுத்த எத்தனை நாளில் மீதிப் பணம் வரும், வழியில் உடல்நிலை கெட்டால் வண்டியை எடுக்க வேறு ஆளை அனுப்புவார்களா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுபவரிடம் வேலைக்குப் போகாமல் இருப்பது நல்லது. அமைதியாகப் பதில் சொல்லி முன்பணத்தையும் கொடுத்து அனுப்புபவர்கள் ஓசூரிலும் எண்ணூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் யார் பணம் ஒழுங்காகத் தருகிறார்கள் என்பதை யார்டு வாசலில் உள்ள டீக்கடையில் காத்திருக்கும் மூத்த ஓட்டுநர்களிடம் அரை மணி நேரம் பேசினாலே தெரிந்துகொள்ளலாம்.